தஸ்தயேவ்ஸ்கியின் குறிப்பேடுகள்

ருசிய எழுத்தாளர் ஃபியோதர் தஸ்தயேவ்ஸ்கி (1821–1881) தம் நாவல்களுக்காக எழுதி வைத்த குறிப்பேடுகள், ஒரு கதை எழுத்தாளர் மனத்தில் எப்படி உருவாகிறது என்பதைக் காட்டும் அரிய ஆவணங்களாகும். 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்', 'பேய்கள்', 'கரமசோவ் சகோதரர்கள்' முதலிய நாவல்களுக்கான குறிப்புகள் இன்று அச்சில் கிடைக்கின்றன. அவற்றுள் சில நெருப்புக்குப் போக இருந்து தப்பியவை.

சிறையில் தொடங்கிய பழக்கம்

அரசுக்கு எதிரான குழுவில் சேர்ந்திருந்ததாக 1849இல் தஸ்தயேவ்ஸ்கி கைது செய்யப்பட்டார். மரண தண்டனை கடைசி நிமிடத்தில் மாற்றப்பட்டு, சைபீரியாவின் ஓம்ஸ்க் நகரில் நான்கு ஆண்டுகள் கடுங்காவல் அனுபவித்தார். கைதிகள் எழுதக் கூடாது என்பது விதி. ஆயினும் சிறை மருத்துவமனையில் இருந்த நாள்களில், கையால் தைத்த சிறு ஏடு ஒன்றில் உடனிருந்த கைதிகளின் சொலவடைகளையும் வசவுகளையும் கேலிப் பேச்சையும் எழுதி வைத்தார். பல நூறு பதிவுகள் கொண்ட இது 'சைபீரியக் குறிப்பேடு' எனப்படுகிறது. இவற்றில் பல பின்னர் 'மரண வீட்டின் குறிப்புகள்' நூலில் கைதிகளின் வாய்மொழியாக இடம்பெற்றன. காதால் கேட்டதை அப்படியே பிடித்து வைத்ததால்தான் அந்த நூலின் உரையாடல்களுக்கு உயிர் வந்தது எனலாம்.

குறிப்பேடுகளின் தோற்றம்

இவற்றை நேர்த்தியான நாட்குறிப்பு என்று எண்ணிவிட வேண்டாம். கைக்கு வந்த பக்கத்தைத் திறந்து, சில இடங்களில் ஏட்டைத் தலைகீழாகத் திருப்பியும் எழுதியிருக்கிறார். கதைத் திட்டத்துக்கு அருகிலேயே கடன் கணக்கும், வலிப்பு வந்த நாளும் இருக்கும். ஓரங்களில் மனித முகங்கள், தேவாலயச் சன்னல் வளைவுகள், அழகெழுத்தில் எழுதிய பெயர்கள். 'அசடன்' நாவலின் நாயகன் மிஷ்கின் அழகெழுத்தில் வல்லவன் என்பதை நாவலைப் படித்தவர்கள் இங்கே நினைவுகூரலாம்.

திட்டம் மாறிய விதம்

'குற்றமும் தண்டனையும்' முதலில் கொலையாளியே தன் கதையைச் சொல்லும் வாக்குமூலமாகத்தான் எழுதப்பட்டது. 1865 நவம்பர் இறுதியில், பெருமளவு எழுதி முடித்திருந்ததை எரித்துவிட்டு, புதிய வடிவில் மீண்டும் தொடங்கினார். கதையை ஆசிரியரே சொல்லட்டும் என்று அவர் முடிவுக்கு வருவதைக் குறிப்பேட்டில் காணலாம்.

'அசடன்' நாவலின் கதை இன்னும் வியப்பானது. (எம்.ஏ. சுசீலா இதே பெயரில் தமிழாக்கம் செய்துள்ளார்.) 1867 இலையுதிர்காலத்தில் ஜெனீவாவில் தொடங்கிய குறிப்புகளில், 'அசடன்' எனப்படுபவன் கர்வமும் வெறியும் பழியுணர்ச்சியும் கொண்டவன். நாம் அறிந்த சாதுவான மிஷ்கினின் சாயலே அவனிடம் இல்லை! பெற்றோரின் கொடுமை தாளாமல் வீட்டுக்குத் தீ வைத்த உமெத்ஸ்கயா என்ற சிறுமியின் வழக்கைச் செய்தித்தாளில் படித்து, அவளையும் குறிப்பில் சேர்த்தார். நஸ்தாஸ்யா ஃபிலிப்போவ்னா பாத்திரம் உருவானதில் அவளுக்கும் பங்குண்டு. திட்டங்கள் ஒன்றன்பின் ஒன்றாக மாறின. டிசம்பரில் எல்லாவற்றையும் தள்ளிவிட்டுப் புதிதாகத் தொடங்கியவர், 1868 சனவரியிலேயே முதல் அத்தியாயங்களைப் பத்திரிகைக்கு அனுப்பிவிட்டார். பத்திரிகையிடம் முன்பணம் வாங்கியாயிற்று; தாமதிக்க வழியில்லை. குறிப்பேட்டைப் பார்த்தால் மூன்று மாத உழைப்பு வீணானது போலத் தோன்றும். ஆனால் முதலில் எண்ணிய நாயகனின் வெறித்தனம் ரகோழினிடம் போய்ச் சேர்ந்தது என்றே கருதத் தோன்றுகிறது.

நெருப்பிலிருந்து மீட்பு

நான்காண்டு வெளிநாட்டு வாழ்வுக்குப் பின் 1871 சூலையில் தஸ்தயேவ்ஸ்கி குடும்பம் திரெஸ்தன் நகரிலிருந்து நாடு திரும்ப ஆயத்தமாயிற்று. பழைய அரசியல் கைதி என்பதால் எல்லையில் சோதனை உறுதி என்று தகவல் வந்திருந்தது. புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்பு, அவர் கையெழுத்துப் படிகளைக் கட்டுக்கட்டாக மனைவி அன்னாவிடம் கொடுத்து எரிக்கச் சொன்னார். நிறைமாதக் கர்ப்பிணியான அன்னா எவ்வளவோ வாதாடிப் பார்த்தும் கணவர் இணங்கவில்லை. கணப்பு மூட்டப்பட்டது. 'அசடன்' கையெழுத்துப் படியும் 'பேய்கள்' நாவலின் ஒரு பகுதியும் எரிந்தன. குறிப்பேடுகளை மட்டும் அன்னா காப்பாற்றி, பின்னர் தனியே ஊர் திரும்பவிருந்த தம் தாயாரிடம் ஒப்படைத்தார்.

எல்லையில் எதிர்பார்த்தபடியே பெட்டிகளைக் கிளறினார்கள். ரயில் புறப்படும் நேரமாகியும் விடவில்லை. இரண்டு வயதுகூட நிரம்பாத மகள் லியூபா பசியால் ரொட்டி கேட்டு வீறிட்டு அழுதாள். அந்த அழுகை பொறுக்காமல் அதிகாரிகள் அவர்களை அனுப்பிவிட்டார்கள் என்று அன்னா தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார்.

அச்சேறியமை

அன்னா 1918இல் காலமானார். 'குற்றமும் தண்டனையும்', 'அசடன்' ஆகியவற்றின் குறிப்பேடுகள் 1931இல் ருசிய மொழியில் நூல்களாக வெளிவந்தன. 1967இல் ஆங்கிலத்திலும் வந்தன. கையெழுத்துப் படி எரிந்துவிட்டதால், 'அசடன்' நாவலைப் பொறுத்தவரை குறிப்பையும் அச்சான நூலையும் மட்டுமே நாம் ஒப்பிட முடிகிறது. இடையில் நடந்தது அந்தக் கணப்போடு போய்விட்டது.