திரும்ப அழைக்கப்படாத கார்

"இந்த நிறுவனம் இத்தனை ஆயிரம் கார்களைத் திரும்ப அழைக்கிறது" என்று பேப்பரில் செய்தி வந்தால் நம்மவர்கள் உடனே சொல்வது, "பார்த்தீங்களா, அந்தக் கம்பெனி காரை வாங்கவே கூடாது!" நான் புனேக்குப் பக்கத்தில் சாக்கனில், கார்களுக்கு பிரேக் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் பல வருஷமாகக் குப்பை கொட்டுகிறவன். எனக்கு அந்தச் செய்தியைப் படித்தால் நிம்மதிதான் வரும். பயமே திரும்ப அழைக்காத கார்களைப் பார்த்துத்தான்.

ஒரு கம்பெனி, தான் விற்ற பொருளில் குறை இருக்கிறது என்று தானே கடிதம் போட்டுச் சொல்லி, இலவசமாகச் சரிசெய்தும் தரவேண்டும் என்கிற வழக்கம் எங்கிருந்து வந்தது? வியாபாரிகளின் நல்ல மனதிலிருந்து வரவில்லை :-) அதன் பின்னால் 1960களின் அமெரிக்கக் கார் ஒன்று இருக்கிறது. பெயர் செவ்ரோலே கார்வேர்.

1959 அக்டோபரில் ஜெனரல் மோட்டார்ஸ் இதை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது டெட்ராய்டே வாயைப் பிளந்தது. அமெரிக்கக் கார் என்றால் முன்னால் கப்பல் மாதிரி நீண்ட மூக்கு, அதற்குள் தண்ணீரால் குளிரும் பெரிய இன்ஜின். கார்வேரில் எல்லாமே தலைகீழ். ஆறு சிலிண்டர் அலுமினிய இன்ஜின், காற்றால் குளிர்வது, அதுவும் பின்னால்! அடுத்த வருஷமே வந்த மோன்சா என்ற இரண்டு கதவு மாடல் இளைஞர்களை அள்ளிக்கொண்டது. ஏழைகளின் போர்ஷே என்றே பெயர் வாங்கியது.

சிக்கல் பின்சக்கரத்தில் இருந்தது. கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், இது புரிந்தால்தான் கதை புரியும். 1960 முதல் 1963 வரை வந்த கார்களில் 'ஸ்விங் ஆக்சில்' என்ற அமைப்பு. பின்பக்கத்து இரண்டு அச்சுகளும் நடுவில் மட்டும்தான் மடங்கும். பறவை இறக்கையை மேலும் கீழும் அசைப்பது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். வேகமாக ஒரு வளைவில் திரும்பும்போது காரின் பின்பகுதி எழும்பும், வெளிப்பக்கச் சக்கரம் உள்பக்கமாக மடங்கும், டயரின் பிடி சட்டென்று போய்விடும். எடை முழுக்கப் பின்னால் இருப்பதால் வால் முன்னால் வரப் பார்க்கும். சில சமயம் கார் குப்புறக் கவிழும்.

இது கம்பெனிக்குத் தெரியாதா? தெரியும். அதற்கு அவர்கள் கண்டுபிடித்த மருந்துதான் வேடிக்கை. முன் டயரில் 15 பி.எஸ்.ஐ. காற்று, பின் டயரில் 26. முன் டயர் தளர்வாக இருந்தால் முன்பக்கம் முதலில் வழுக்கும், வால் வீசாது என்று கணக்கு. தாளில் சரியான கணக்குதான். ஆனால் பெட்ரோல் பங்கில் காற்றுப் பிடிக்கிற பையன் நான்கு டயரிலும் ஒரே அளவுதானே பிடிப்பான்? 15 என்று சொன்னால் பஞ்சர் என்றல்லவா நினைப்பான்? ஒரு குடும்பத்தின் உயிரைக் காற்றுப் பிடிக்கிறவனின் ஞாபகசக்தியில் கட்டித் தொங்கவிட்ட டிசைன் அது. என் தொழிலில் இதைவிட மோசமான வடிவமைப்புத் தர்க்கத்தை நான் கண்டதில்லை.

முன்பக்கம் ஒரு இரும்புக் கம்பி, 'ஸ்டெபிலைசர் பார்' என்போம், அதைப் போட்டிருந்தால் நிலைமை எவ்வளவோ தேறியிருக்கும். 1962இல் அந்தக் கம்பியும் கெட்டியான ஸ்பிரிங்கும் சேர்ந்த தொகுப்பு ஒன்றைக் கூடுதல் காசு கொடுப்பவர்களுக்கு மட்டும் விற்றார்கள். பாதுகாப்பு வேண்டுமா, தனி பில்! 1964 மாடலில்தான் அது எல்லாக் கார்களுக்கும் வந்தது. செவ்ரோலேயின் தலைவராக இருந்த பங்கி நட்ஸன் ராஜினாமா செய்துவிடுவேன் என்று மிரட்டித்தான் அதைப் போடவைத்தார் என்றும், செலவு ஒரு காருக்கு சுமார் 15 டாலர்தான் என்றும், அந்த நிறுவனத்தில் பெரிய பதவியில் இருந்த ஜான் டெலோரியன் சொன்னவற்றை வைத்து 1979இல் வந்த புத்தகம் சொல்கிறது. 1965 மாடலில் பின்பக்க அமைப்பையே புதிதாக மாற்றிவிட்டார்கள்.

ஆக, குறை தீர்ந்தது. யாருக்கு? புதிதாக வாங்குபவர்களுக்கு. ஏற்கெனவே பழைய அமைப்போடு ரோட்டில் ஓடிய பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கார்வேர்களின் சொந்தக்காரர்களுக்கு ஒரு தபால்கூடப் போகவில்லை. கம்பெனி மேல் நூற்றுக்கும் மேற்பட்ட வழக்குகள் விழுந்தன. கலிஃபோர்னியாவில் 1961இல் கார்வேர் கவிழ்ந்து இடது கையை இழந்த ஒரு பெண்மணிக்கு 1964இல் 70,000 டாலர் கொடுத்து சமரசம் செய்தார்கள்.

இந்தச் சம்பவத்தில்தான் ரால்ஃப் நேடர் தன் புத்தகத்தை ஆரம்பித்தார். 'எந்த வேகத்திலும் ஆபத்து' என்று பொருள்படும் தலைப்பு, 1965 நவம்பரில் வெளிவந்தது. அப்போது அவர் முப்பதைத் தாண்டியிருந்த ஒரு சாதாரண வக்கீல். லெபனானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கு கனெக்டிகட்டின் வின்ஸ்டெட் என்ற சின்ன ஊரில் பிறந்தவர், அதாவது நம்மைப்போல ஊர்விட்டு ஊர் வந்த வீட்டுப் பிள்ளை. புத்தகத்தில் கார்வேருக்கு முதல் அத்தியாயம் மட்டும்தான், மீதியெல்லாம் மொத்த கார் தொழிலைப் பற்றியது. அது தன்பாட்டுக்கு நூலகத்தில் தூங்கியிருக்கலாம். ஜெனரல் மோட்டார்ஸ் விடவில்லை. நேடரின் அந்தரங்கத்தைத் தோண்ட துப்பறிவாளர்களை அமர்த்தியது. விஷயம் வெளியே வந்து, 1966 மார்ச் 22 அன்று நிறுவனத்தின் தலைவர் ஜேம்ஸ் ரோச் அமெரிக்க செனட் குழுவின் முன்னால் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டார். உலகத்தின் மிகப் பெரிய கார் கம்பெனி, ஒற்றை வக்கீலிடம்! நேடர் தொடுத்த வழக்குக்குப் பிறகு 4,25,000 டாலர் வேறு கொடுத்தது.

அந்த வருஷம் செப்டம்பர் 9ஆம் தேதி அதிபர் ஜான்சன் வாகனப் பாதுகாப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். அதில்தான் முதன்முதலாக, குறை கண்டால் வாங்கியவருக்குப் பதிவுத் தபாலில் தெரிவிக்க வேண்டும் என்று கட்டாயம் வந்தது. கவனியுங்கள், தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான். செலவை யார் ஏற்பது என்று சொல்லவில்லை.

அந்த ஓட்டையும் கார்வேரிலேயே வெளிப்பட்டது. காருக்குள் சூடேற்ற இன்ஜினைச் சுற்றி வரும் வெப்பக் காற்றையே உள்ளே அனுப்பும் ஹீட்டர் அதில் உண்டு. சீல்கள் தேய்ந்தால் புகையும் கார்பன் மோனாக்சைடும் கூடவே வரும். 1971இல் லட்சக்கணக்கான உரிமையாளர்களுக்கு எச்சரிக்கைக் கடிதம் போனது. சரிசெய்யும் செலவு? உங்களுடையது! இலவசமாகச் சரிசெய்தே ஆகவேண்டும் என்ற திருத்தம் 1974இல்தான் வந்தது.

நேடர்தான் கார்வேரைக் கொன்றார் என்பார்கள். எனக்கு அது பாதி உண்மைகூட இல்லை என்று படுகிறது. 1964இல் ஃபோர்டு மஸ்டாங் வந்ததும் மோன்சாவின் வாடிக்கையாளர்கள் அங்கே ஓடிவிட்டார்கள். கார்வேர் உற்பத்தி 1969 மே மாதம் நின்றது. இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். 1972இல் அமெரிக்க அரசின் பாதுகாப்பு அமைப்பு, அந்தப் பழைய கார்வேரை அக்காலத்து மற்றச் சிறிய கார்களோடு சோதித்துப் பார்த்து, மற்றவற்றைவிட அது மோசமில்லை என்று அறிக்கை கொடுத்தது. நேடர் ஏற்கவில்லை. கார்வேர் ரசிகர்கள் இன்றுவரை அந்த அறிக்கையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். 'மற்றவையும் இதே லட்சணம்தான்' என்பது பாதுகாப்புச் சான்றிதழ் ஆகுமா என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு, ஆனால் அறிக்கையை மறைத்துவிட்டுக் கதை சொல்வது நியாயமில்லை. வால் வீசும் அந்தக் குறைக்காகக் கார்வேர் கடைசிவரை திரும்ப அழைக்கப்படவே இல்லை.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இங்கே நெடுங்காலம் 'ரீகால்' என்ற வார்த்தையே கெட்ட வார்த்தை. 'இலவசப் பரிசோதனை முகாம்' என்று அழைத்து, சர்வீசுக்கு வரும் வண்டியில் ஓசைப்படாமல் பாகத்தை மாற்றி அனுப்புவார்கள். 2012 ஜூலையில் வாகனத் தயாரிப்பாளர் சங்கம், விருப்பப்பட்டால் பின்பற்றலாம் என்ற வகையில் ஒரு விதிமுறையைக் கொண்டுவந்தது. 2019இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவுதான் அரசே உத்தரவிடும் அதிகாரத்தைத் தந்தது. விதிகள் 2021 ஏப்ரல் 1 முதல் அமல், அபராதம் ஒரு கோடி ரூபாய் வரை. அதில் எனக்குப் பிடித்த அம்சம், உரிமையாளர்களின் புகார்கள் குறிப்பிட்ட எண்ணிக்கையைத் தொட்டால் அதையே காரணமாக வைத்து அரசு நடவடிக்கை எடுக்கலாம் என்பது. சர்வீஸ் சென்டரில் "எல்லா வண்டியும் அப்படித்தான் சார்" என்று கேட்டு வாயை மூடிக்கொண்டு வந்தால் அந்த எண்ணிக்கை எப்படிச் சேரும்?

நம்மைப் போன்றவர்களுக்குக் கூடுதலாக ஒரு தலைவலி. எங்கள் அடுக்ககத்தில் மதுரைக்காரர் ஒருவர், வண்டி அங்கே வாங்கியது, ஆர்.சி.யில் அப்பா வீட்டு முகவரி. ஏர்பேக்கை மாற்றிக்கொள்ளச் சொல்லிக் கம்பெனி அனுப்பிய கடிதம் அங்கேதான் போயிருக்கிறது. இங்கிலீஷில் இருந்ததால், லோன் விளம்பரம் என்று நினைத்து அந்தப் பெரியவர் கரண்ட் பில்லோடு சேர்த்துக் கட்டிவைத்துவிட்டார். தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது கண்ணில் பட்டது. கடிதத்திற்கு வயது 14 மாதம். அதுவரை மனைவியும் இரண்டு பிள்ளைகளும் அதே காரில்தான் கோலாப்பூர், பெல்காம் வழியாக ஊருக்குப் போய்வந்துகொண்டிருந்தார்கள். பழைய காரை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் பாடு இன்னும் திண்டாட்டம். கடிதம் முதல் உரிமையாளர் வீட்டுக்குப் போய்ச் சேரும், அவர் ஏன் நம்மைத் தேடி வரப்போகிறார்?

பெரும்பாலான கம்பெனிகளின் இணையதளத்தில் இப்போது வண்டியின் சேசிஸ் எண்ணைக் கொடுத்தால் திரும்ப அழைப்புப் பட்டியலில் அது இருக்கிறதா என்று உடனே காட்டிவிடும். அந்த 17 எழுத்தும் ஆர்.சி.யில் அச்சாகி இருக்கும். அதைப் பார்த்துத் தட்டச்சு செய்யப் பத்து நிமிஷம் போதும். அப்படியே சர்வீஸ் சென்டரில் உங்கள் இந்த ஊர் முகவரியையும் செல்பேசி எண்ணையும் மாற்றிக் கொடுத்துவிடுங்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் அந்த ஓரத்தில் ஒட்டியிருக்கும் தாளில் இருக்கும். பங்கில் பையனிடம் எண்ணை நீங்களே சொல்லுங்கள்.