ஒரு மிங்க் கோட்டும் இரண்டு ஒயின் ஆலைகளும்

அமெரிக்காவில் கலிஃபோர்னியா மாநிலம். சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வடக்கே நாபா பள்ளத்தாக்கு. அங்கே 29-ஆம் எண் நெடுஞ்சாலையில் வடக்குப் பார்த்துப் போனால் ஓக்வில் என்ற சின்ன ஊரில் 'ராபர்ட் மொண்டாவி' என்று ஒரு ஒயின் ஆலை வரும். இன்னும் கால் மணி நேரம் வண்டியை விட்டால் செயின்ட் ஹெலினாவைத் தாண்டி 'சார்ல்ஸ் க்ரூக்' என்று இன்னொன்று. முதல் ஆலையின் பெயரில் மொண்டாவி இருக்கிறது, ஆனால் அந்தக் குடும்பத்துக்கு அதில் ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை. இரண்டாவதன் பெயரில் மொண்டாவி இல்லை, ஆனால் முழுக்க முழுக்க மொண்டாவி குடும்பத்துச் சொத்து. இது எப்படி ஆயிற்று என்பதுதான் மேட்டர்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் நாபாவுக்குப் போனதில்லை, ஒயின் ருசி பார்த்ததும் இல்லை (வீட்டில் யாராவது இதைப் படித்தால், நிஜமாகவே இல்லை :-)). பி.காம். படிக்கிறவனுக்கு இந்தக் கதையில் கிக் வேறு இடத்தில் இருக்கிறது. பங்கு, வோட்டுரிமை, மூலதனம் என்று நாம் பரீட்சைக்கு மனப்பாடம் செய்கிற அத்தனையும் இங்கே ரத்தமும் சதையுமாக வருகிறது.

சார்ல்ஸ் க்ரூக் என்பவர் பிரஷ்யாவிலிருந்து (இன்றைய ஜெர்மனிப் பக்கம்) வந்தவர். மனைவி கரோலினா வழியாகச் சீதனமாக வந்த நிலத்தில் 1861-ல் ஒயின் ஆலை தொடங்கினார். ஆம், அங்கேயும் சீதனம்தான். 1882-ல் பொதுமக்கள் வந்து ருசி பார்க்க ஒரு டேஸ்ட்டிங் ரூம் திறந்தார். கலிஃபோர்னியாவிலேயே அதுதான் முதலாவது என்று அந்த ஆலை இன்றும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறது. 1892-ல் க்ரூக் இறந்தார். ஆலை ஒரு வங்கிக்காரர் குடும்பத்தின் கைக்குப் போனது.

இப்போது இத்தாலிக்கு வருவோம். சஸ்ஸோஃபெராட்டோ என்ற ஊரிலிருந்து பிழைப்புத் தேடி அமெரிக்கா வந்தவர் சேசரே மொண்டாவி. முதலில் மின்னசோட்டா மாநிலத்தின் இரும்புச் சுரங்கத்தில் வேலை. 1920-ல் நாடு முழுக்க மதுவிலக்கு வந்தது. மதுவிலக்கில் போய் ஒருவர் ஒயின் குடும்பத்துக்கு அஸ்திவாரம் போட முடியுமா? முடிந்தது. வீட்டில் வருஷத்துக்கு 200 காலன், அதாவது சுமார் 757 லிட்டர் வரை பழச்சாறு தயாரித்துக்கொள்ளச் சட்டத்தில் ஒரு சந்து இருந்தது. 'போதை தராத' பழச்சாறு என்று பெயர். ஜாடியில் வைத்தால் அது என்ன ஆகும் என்று எல்லாருக்கும் தெரியும். திராட்சைக்குக் கிராக்கி எகிறியது. மின்னசோட்டா இத்தாலியர்களுக்காகப் பழம் வாங்கக் கலிஃபோர்னியா போன சேசரே, அங்கேயே லோடை என்ற ஊரில் குடியேறி, திராட்சையை ரயிலில் ஏற்றி அனுப்பும் வியாபாரியானார். 1933-ல் மதுவிலக்கு போனதும் ஒயின் தொழில். 1943-ல் க்ரூக் ஆலையை 75,000 டாலருக்கு வாங்கினார். வாங்கச் சொல்லி அப்பாவை நச்சரித்தது மூத்த மகன் ராபர்ட்.

இரண்டு மகன்கள். ராபர்ட், ஸ்டான்ஃபோர்டில் பொருளாதாரமும் வணிக நிர்வாகமும் படித்தவர் (நம்ம ஆள்). விற்பனை அவர் பொறுப்பு. ஓயாமல் ஊர் சுற்றி, பெரிய மனிதர்களோடு பழகி, செலவழித்துச் சரக்கைப் பேச வைக்கிற ரகம். தம்பி பீட்டர் ஒயின் தயாரிப்பவர். குறைந்த வெப்பத்தில் நொதிக்க வைத்து வெள்ளை ஒயினின் பழ வாசனையைக் காப்பாற்றுகிற முறையில் முன்னோடி. நிதானமானவர், கடன் என்றால் பயம். அப்பா இருந்தவரை இரண்டும் ஒன்றையொன்று ஈடுகட்டின. 1959-ல் அப்பா இறந்தார்.

ராபர்ட்டுக்கு வெள்ளை மாளிகை விருந்துக்கு அழைப்பு வந்தது. மனைவி போட்டுக்கொண்டு போக ஒரு மிங்க் கோட் வாங்கினார். மிங்க் என்பது கீரி மாதிரி ஒரு பிராணி, அதன் ரோமத்தில் தைத்த கோட் ஏகப்பட்ட விலை. 1965 நவம்பரில் குடும்பம் கூடியிருந்தபோது பீட்டர் கேட்டார்: அந்தக் கோட்டுக்குக் காசு எங்கிருந்து வந்தது? கம்பெனிப் பணமா? திரும்பச் சொல்லாதே என்றார் ராபர்ட். தம்பி சொன்னார். ராபர்ட் அடித்துவிட்டார். ஒருவருக்கு 52 வயது, இன்னொருவருக்கு 51!

அம்மா ரோசா தம்பி பக்கம் நின்றார். ராபர்ட்டுக்கு ஆறு மாத லீவு என்றார்கள், அவருடைய மகன் மைக்கேலுக்கும் ஆலையில் வேலை இல்லை என்றார்கள். இங்கே கவனிக்க வேண்டியது, ராபர்ட்டின் வேலைதான் போனது, பங்கு போகவில்லை. நிர்வாகி வேறு, உரிமையாளர் வேறு என்று வகுப்பில் ஒரு வரியில் தாண்டிப் போகிறோமே, அந்த ஒரு வரிக்குள்தான் அடுத்த பதின்மூன்று வருஷமும் ஓடுகிறது.

1966-ல், 53 வயதில், கடன் வாங்கியும் வெளியாட்களைக் கூட்டுச் சேர்த்தும் ராபர்ட் ஓக்வில்லில் சொந்த ஆலை கட்டினார். மதுவிலக்குக்குப் பிறகு நாபாவில் புதிதாக எழுந்த முதல் பெரிய ஆலை அது. வாசலில் பெரிய வளைவு, பக்கத்தில் கோபுரம், பின்னால் திராட்சைத் தோட்டம் தெரிகிற மாதிரி அமைப்பு. தொழிற்சாலை மாதிரி அல்ல, விருந்தாளி வந்து நிற்கிற வீடு மாதிரி. அங்கே வருகிறவர்களுக்குத் தோட்டத்தைக் காட்டி, பீப்பாய் அறையைக் காட்டி, எப்படிச் செய்கிறோம் என்று விளக்கி, கடைசியில் கோப்பையில் ஊற்றிக் கொடுத்தார்கள். மோந்து பார், வாயில் வைத்துச் சுழற்று, வேண்டாமென்றால் துப்பிவிடு. 1969 முதல் கோடை இசைக் கச்சேரிகள் வேறு.

இது வெறும் உபசாரம் இல்லை. மதுவிலக்குக்குப் பிறகு அமெரிக்காவில் பொதுவாக மூன்று அடுக்கு முறை. தயாரிப்பவர் மொத்த வியாபாரிக்கு, அவர் கடைக்காரருக்கு, அவர் நமக்கு. இரண்டு பேர் கமிஷன் நடுவில் போகும். ஆனால் ஆலைக்கே வந்து ருசி பார்த்தவர் அங்கேயே நாலு பாட்டில் வாங்கினால் முழு விலையும் ஆலைக்கு. அதைவிட முக்கியம், அவர் ஊருக்குப் போய்க் கடையில் அதே பெயரைத் தேடுவார். ஒயின் பெரிதாகப் பழக்கமில்லாத ஒரு நாட்டில் ராபர்ட் முதலில் தயாரித்தது ஒயினை அல்ல, குடிக்கிறவர்களைத்தான் என்பேன். சாவிஞோன் பிளாங்க் விற்காமல் கிடந்தபோது கொஞ்சம் ஓக் பீப்பாயில் வைத்து 1968-ல் 'ஃப்யூமே பிளாங்க்' என்று பெயரை மாற்றினாரே, அதுவும் இந்த மூளைதான்.

வழக்கு நீதிமன்றம் போனது. 1976-ல் தீர்ப்பு ராபர்ட்டுக்குச் சாதகம். க்ரூக் ஆலையையே விற்றுப் பங்கைப் பிரிக்க வேண்டும் என்று உத்தரவு. அதே வருஷம்தான் பாரிஸில் லேபிளை மறைத்து நடந்த போட்டியில் கலிஃபோர்னியா ஒயின்கள் பிரெஞ்சு ஒயின்களை வென்றன. வென்ற இரண்டையும் செய்த வினியார்ஸ்கி, கிர்கிச் இருவருமே முன்பு ராபர்ட்டிடம் வேலை பார்த்தவர்கள். 1978-ல் அண்ணன் தம்பி சமரசத்துக்கு வந்தார்கள். பீட்டர் கடனை உடனை வாங்கி ராபர்ட்டின் பங்குக்குப் பணம் கொடுத்து க்ரூக்கைத் தக்கவைத்தார். ராபர்ட் அந்தப் பணத்தில் தன் வெளிக் கூட்டாளிகளிடமிருந்து ஓக்வில் ஆலையை மீட்டார்.

இந்த இடத்தில் கதையை நிறுத்தினால் ராபர்ட் ஹீரோ. பிரான்ஸின் ரோத்ஸ்சைல்டு குடும்பத்தோடு பாதிக்குப் பாதி கூட்டு போட்டு 1979 அறுவடையிலிருந்து 'ஓபஸ் ஒன்', இன்னொரு பக்கம் லோடை அருகே வுட்பிரிட்ஜில் மலிவு விலை ஒயின். தம்பி வருஷக்கணக்கில் கடன் அடைத்துக்கொண்டு பின்தங்கிக் கிடந்தார்.

ஆனால் ஒயின் என்பது மூலதனத்தை விழுங்குகிற தொழில். கொடி நட்டால் முதல் உருப்படியான மகசூலுக்கு மூன்று வருஷம். நல்ல சிவப்பு ஒயின் பீப்பாயிலும் பாட்டிலிலுமாக மேலும் இரண்டு மூன்று வருஷம் தூங்க வேண்டும். இதன் நடுவில் ஃபிலோக்சரா என்ற வேர்ப்பூச்சி வந்து, நாபா முழுக்கக் கொடிகளைப் பிடுங்கி மறுபடி நட வேண்டியதாயிற்று. 1993-ல் ராபர்ட்டின் கம்பெனி பங்குச் சந்தைக்குப் போனது, பங்கு 13.50 டாலர். குடும்பப் பிடி தளராமல் இருக்க ஒரு ஏற்பாடு: பொதுமக்கள் பங்குக்கு ஒரு வோட்டு, குடும்பப் பங்குக்குப் பத்து வோட்டு. சும்மா ஒரு கணக்கு போடுங்கள். நூறு பங்கில் குடும்பத்திடம் 20 இருந்தாலே 200 வோட்டு, மற்ற 80 பேருக்கு 80 வோட்டு. அசைக்க முடியாது அல்லவா?

அசைந்தது. ராபர்ட் தாராளமாக நன்கொடை அறிவித்தார். 2001-ல் டேவிஸ் பல்கலைக்கழகத்துக்கு மட்டும் 3.5 கோடி டாலர். சொத்தோ பங்காக இருந்தது. பங்கு விலை சரிந்தபோது கொடுத்த வாக்குகள் கழுத்தை நெரித்தன. மகன்கள் மைக்கேலுக்கும் டிம்முக்கும் ஒத்துப் போகவில்லை. எந்த மாதிரி ஒருவன் விற்பனை, ஒருவன் தயாரிப்பு என்று? அதே மாதிரிதான். 2004 ஜனவரியில் மைக்கேல் தலைவர் பதவியிலிருந்து இறக்கப்பட்டார். ஆகஸ்டில் கொஞ்சம் கூடுதல் பங்குக்காகக் குடும்பம் பத்து வோட்டு உரிமையை விட்டுக்கொடுக்கச் சம்மதித்தது. நவம்பரில் கான்ஸ்டலேஷன் என்ற பெரிய மதுபான நிறுவனத்துக்குப் பங்கு 56.50 டாலர் வீதம், கடனையும் சேர்த்து சுமார் 136 கோடி டாலருக்கு மொத்தத்தையும் விற்க ஒப்பந்தமானது. பெயரும் சேர்த்துத்தான் விற்பனை. (அந்த வுட்பிரிட்ஜை 2025-ல் கான்ஸ்டலேஷன் வேறொரு கம்பெனிக்கு விற்றுவிட்டது.)

பணம் நிறைய வந்தது, அதில் சந்தேகமில்லை. பங்குதாரர் கண்ணில் பார்த்தால் வெற்றிதான். என் கண்ணுக்கு அப்படித் தெரியவில்லை. பூச்சியால் வந்த செலவுக்குக் கடன் வாங்கியிருந்தால் இழுத்துப் பிடித்திருக்கலாமோ என்று ஒரு பக்கம் தோன்றுகிறது. அவ்வளவு பெரிதாக வளராமல் இருந்திருக்கலாமோ என்று இன்னொரு பக்கம்.

2005-ல் அண்ணனும் தம்பியும் நாற்பது வருஷத்துக்குப் பிறகு சேர்ந்து ஒரே ஒரு பீப்பாய் ஒயின் செய்தார்கள். இரண்டு குடும்பத் தோட்டத்துத் திராட்சையும் கலந்தது. நாபா தர்ம ஏலத்தில் அது 4,01,000 டாலருக்குப் போனது. டிம்மும் அவர் அக்கா மார்சியாவும் அப்பாவோடு சேர்ந்து அதே வருஷம் 'கன்டினியம்' என்று மறுபடி ஒரு குடும்பத் தோட்டம் தொடங்கினார்கள். ராபர்ட் 2008-ல் 94 வயதில் இறந்தார். பீட்டர் 2016-ல், 101 வயதில். க்ரூக் ஆலை அவர் மகன்களுக்கு வந்தது. 1872-ல் கட்டிய ரெட்வுட் செல்லாரைப் பழுது பார்த்து டேஸ்ட்டிங் ரூம் ஆக்கியிருக்கிறார்கள். போகிறவர்களுக்கு அங்கேதான் கோப்பையில் ஊற்றிக் கொடுக்கிறார்கள்.