கோப்புப் பரிமாற்றப் பயனரை ஓர் அடைவுக்குள் கட்டுப்படுத்தல்

எஃப்டிபி அல்லது எஸ்எஃப்டிபி வழியாக ஒரு வழங்கிக்குள் நுழைபவர், தமக்கென ஒதுக்கப்பட்ட அடைவையும் அதன் உள்ளடைவுகளையும் மட்டுமே காணும்படி செய்யும் ஏற்பாடு இது. ஒரே கணினியில் பல வலைத்தளங்களை வைத்திருக்கும் நிறுவனங்களுக்கும், வெளியாட்களிடமிருந்து நாள்தோறும் கோப்புகளைப் பெறும் அலுவலகங்களுக்கும் இது இன்றியமையாதது. யூனிக்ஸ் வகை இயங்குதளங்களில் கணக்கு வைத்திருக்கும் எவரும், கோப்புரிமைகள் தடுக்காத வரை, எந்த அடைவையும் திறந்து பார்க்கலாம். மற்ற பயனர்களின் பெயர்ப் பட்டியல் அடங்கிய கோப்பையும் படிக்கலாம்.

இதற்கு அடிப்படையாக இருப்பது சிஎச்ரூட் என்னும் கெர்னல் அழைப்பு. 1979இல் வெளிவந்த யூனிக்ஸ் 7ஆம் பதிப்பிலேயே இது இருந்தது. இந்த அழைப்புக்குப் பின், குறிப்பிட்ட அடைவொன்றே அந்த நிரலுக்கு ‘/’ என்னும் வேர் ஆகிவிடுகிறது. எத்தனை முறை மேலே ஏற முயன்றாலும் அந்த அடைவிலேயே வந்து நிற்கும். பெயரில்லா எஃப்டிபி வழங்கிகள் பல ஆண்டுகள் இதை நம்பியே இயங்கின. ஆனால் கோப்புகளைப் பட்டியலிடும் சிறு நிரலின் படியையும் அதற்குத் தேவையான நூலகங்களின் படிகளையும் அடைவுக்குள் வைத்தாக வேண்டும். இயங்குதளத்தைப் புதுப்பிக்கும்போது அந்தப் படிகள் பழையனவாகவே தங்கிவிடுவது ஓயாத தொல்லை.

எஸ்எஃப்டிபி சேவையைத் தரும் ஓப்பன்எஸ்எஸ்எச் 2008இல் இந்தச் சுமையை நீக்கியது. சிஎச்ரூட்-டைரக்டரி என்ற அமைப்பு வரியும், இன்டர்னல்-எஸ்எஃப்டிபி என்ற உள்ளமைந்த சேவையும் அப்போதுதான் வந்தன. பரிமாற்றப் பணி முழுவதும் எஸ்எஸ்எச் நிரலுக்குள்ளேயே நடப்பதால், அடைவுக்குள் ஷெல்லோ நூலகமோ வைக்க வேண்டியதில்லை. பயனர்களைத் தனிக் குழுவில் சேர்த்து, மேட்ச் குரூப் வரியின் கீழ் அவர்களுக்கான அடைவைக் குறித்து, ஃபோர்ஸ்-கமாண்ட் வழியாக இன்டர்னல்-எஸ்எஃப்டிபியைக் கட்டாயமாக்கினால் அடிப்படை அமைப்பு முடிந்தது. போர்ட் ஃபார்வர்டிங்கையும் நிறுத்த வேண்டும். பலர் இதை விட்டுவிடுகிறார்கள். அடைவுக்குள் அடைபட்ட பயனரும், ஃபார்வர்டிங் திறந்திருந்தால், வழங்கியின் வழியாக உள்வலையமைப்பிலுள்ள பிற கணினிகளைத் தொடர்புகொள்ள முடியும். 2016இல் வந்த 7.4 பதிப்பு முதல், எல்லா வகை ஃபார்வர்டிங்கையும் ஒரே வரியில் அணைக்கலாம்.

புதிதாக அமைப்பவர்கள் பெரும்பாலும் தடுமாறுவது உரிமை விதியில்தான். வேராக்கப்படும் அடைவும், அதற்கு மேலே ‘/’ வரையுள்ள ஒவ்வோர் அடைவும் ரூட் பயனருக்கே சொந்தமாக இருக்க வேண்டும். வேறெவருக்கும் எழுதும் உரிமை இருக்கக் கூடாது. மீறினால், கடவுச்சொல் சரியாக இருந்தும் இணைப்பு உடனே அறுந்துபோகும். காரணம் வழங்கியின் பதிவேட்டில் மட்டுமே தெரியும். அப்போது, எவரும் எழுதலாம் என்னும் 777 ஆக உரிமையைத் தளர்த்துவது நிலைமையை இன்னும் கெடுக்கும். உரிமையாளர் மட்டுமே எழுதக்கூடிய 755 உரிமையுடன் அடைவை ரூட்டிடம் விட்டுவிட்டு, அதனுள் பயனருக்குச் சொந்தமான ஓர் உள்ளடைவை உருவாக்கித் தருவதே முறை.

இந்தக் கண்டிப்பு வீண் பிடிவாதம் அன்று. வேர் மாறிய பின், அமைப்புக் கோப்புகளையும் நூலகங்களையும் நிரல் அந்தப் புதிய வேருக்குள்தான் தேடும். அங்கே எழுத முடிந்த பயனர் போலி நூலகம் ஒன்றை வைத்துவிட்டால், ரூட் அதிகாரத்தை இன்னும் கைவிடாத நிரல் அதை ஏற்றி இயக்கிவிடக்கூடும். ஃப்ரீபிஎஸ்டியின் எஃப்டிபி சேவையில் இதே வழியில் ரூட் அதிகாரத்தைக் கைப்பற்ற முடியும் என்பது 2011 இறுதியில் வெளிப்பட்டது. அந்த டிசம்பரில் பாதுகாப்பு அறிவிப்பும் வெளியானது. ஏறத்தாழ அதே காலத்தில் விஎஸ்எஃப்டிபிடி என்னும் எஃப்டிபி வழங்கி நிரல் தன் 2.3.5 பதிப்பில், எழுதத்தக்க வேருக்குள் இயங்க மறுத்தது. அந்த மறுப்பை விலக்கும் அமைப்பு வரியும் பின்னர் சேர்க்கப்பட்டது. இணையத்தில் கிடைக்கும் வழிகாட்டிகள் பல அதையே முதல் தீர்வாகச் சொல்கின்றன. உள்ளடைவு உருவாக்க ஒரு நிமிடம்கூட ஆகாதபோது, அந்தக் காப்பைக் கழற்றுவதற்கு நியாயமே இல்லை.

வேருக்கு வெளியே உள்ள அடைவைச் சுட்டும் குறியீட்டு இணைப்புகள் உள்ளிருந்து பார்த்தால் வேலை செய்யா, ஏனெனில் அவற்றின் பாதையும் புதிய வேரிலிருந்தே கணக்கிடப்படுகிறது. பலருக்குப் பொதுவான அடைவைக் காட்ட வேண்டுமானால் லினக்ஸில், ஓர் அடைவை வேறோர் இடத்திலும் தோன்றச் செய்யும் பைண்ட் மவுண்ட் பயன்படும். கோப்பு உரிமையாளரின் பெயருக்குப் பதில் எண் தெரிவதும் இயல்பே. பெயர்ப் பட்டியல் உள்ளே இல்லை. விண்டோஸில் ஐஐஎஸ் எஃப்டிபி சேவை, பயனர் தனிமைப்படுத்தல் என்ற வசதியால் இதையொத்த பயனைத் தருகிறது.

சிஎச்ரூட் முழுமையான பாதுகாப்பு வேலி அன்று என்று லினக்ஸ் கையேடே எச்சரிக்கிறது. உள்ளே ரூட் அதிகாரம் பெற்ற நிரல், புதிய அடைவு ஒன்றை உருவாக்கி மீண்டும் சிஎச்ரூட் அழைத்தே வெளியேறிவிடலாம். எஸ்எஃப்டிபி பயனருக்காக இயங்கும் நிரல் அந்த அதிகாரத்தைக் கைவிட்டுவிடுவதால் இந்த வழி மூடியிருக்கிறது. சிஎச்ரூட் தொடாத வலையமைப்பையும் இயங்கும் நிரல்களையும் சேர்த்துப் பிரிக்க 2000ஆம் ஆண்டில் ஃப்ரீபிஎஸ்டி 4.0 ஜெயில் வசதியைக் கொண்டுவந்தது. வட்டிடத்தையும் சிஎச்ரூட் கட்டுப்படுத்துவதில்லை. அடைபட்ட பயனர் ஒருவர் வரம்பின்றிப் பதிவேற்றினால் வட்டு நிரம்பி வழங்கி முழுவதுமே முடங்கலாம். ஆகவே பதிவேற்ற அடைவுகளைத் தனி வட்டுப் பிரிவில் வைத்து, ஒவ்வொரு பயனருக்கும் கோட்டா விதிப்பதும் இதே அமைப்புப் பணியில் அடங்கும்.