காணாத் தறி – 14: தராசைப் பிடித்த கை

சென்ற வாரம் 2012 ஜூன் மாதத்தில் நிறுத்தினோம். ‘3’ படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் பிறப்பித்த தடையாணையைக் காட்டி, இணையச் சேவை நிறுவனங்கள் தளம் தளமாக இழுத்து மூடின. படத்துக்குச் சம்பந்தமே இல்லாத விமியோ காணொளித் தளம்கூட இருண்டது. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் மூடினால் போதும் என்று நீதிமன்றமே பிறகு தெளிவுபடுத்த வேண்டிவந்தது. எல்லாக் கண்களும் தெருவாசலில் இருந்தன. வீட்டுக்குள் உட்கார்ந்து படத்தை இறக்கித் தந்த மென்பொருளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதைப் புரிந்துகொள்ளக் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் வரை ஒரு நடை போய்விட்டு வரலாம்.

பட்டுச் சேலை ஒரு கையில் பிறப்பதில்லை. நூல் கர்நாடகத்திலிருந்து வரும். ஜரிகை சூரத்திலிருந்தோ உள்ளூரிலிருந்தோ வரும். சாயம் ஒரு வீடு, பாவு ஒரு வீடு, தறி ஒரு வீடு. உடலையும் கரையையும் கோர்வை போட்டு இணைக்கத் தறியில் இன்னொரு கை வேண்டும். இத்தனை பேர் கைமாறும் பொருளில் யாரை நம்புவது? தராசை. பட்டை நிறுத்துக் கொடுப்பார்கள். சேலையாக வந்ததும் மறுபடி நிறுப்பார்கள். கழிவுக்குத் தனிக் கணக்கு உண்டு. அதற்கு மேல் குறைந்தால் கூலியில் கை வைப்பார்கள்.

2001-இல் பிராம் கோஹன் என்ற அமெரிக்கர் வெளியிட்ட பிட்டோரன்ட், இதே ஏற்பாட்டைக் கணினியில் செய்தது. அவர் பிள்ளையார்பாளையம் வந்ததில்லை என்பதுதான் வித்தியாசம். 700 எம்.பி. அளவுள்ள ஒரு கோப்பை 256 கே.பி. துண்டுகளாக வெட்டினால் 2,800 துண்டுகள். ஒன்று சேலத்திலிருந்து வரும், மற்றொன்று சுவீடனிலிருந்து வரும். ஒவ்வொரு துண்டுக்கும் எஸ்.எச்.ஏ-1 என்ற கணக்கு முறையில் ஓர் எடை முன்கூட்டியே டோரன்ட் கோப்பில் எழுதப்பட்டிருக்கும். வந்த துண்டு அந்த எடைக்கு நிற்காவிட்டால் குப்பைக்குப் போகும். வேறொருவரிடமிருந்து அதே துண்டு மறுபடி வரும். முகம் தெரியாத ஆயிரம் பேரிடம் வாங்கினாலும் ஏமாற வேண்டியதில்லை.

இன்னொரு லாபமும் இருந்தது. அதை மின்வெட்டுக் காலத்தில் தமிழ்நாட்டில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. உலாவியில் 90 சதவீதம் இறங்கிய கோப்பு, கரண்ட் போனால் பெரும்பாலும் மொத்தமாகப் போனதுதான். டோரன்ட்டில் கரண்ட் வந்ததும் மென்பொருள் கையிருப்பை நிறுத்துப் பார்த்துவிட்டு, விட்ட துண்டிலிருந்து தொடரும். தறியை நிறுத்திவிட்டுச் சாப்பிடப் போன நெசவாளர் திரும்பி வந்து அதே இழையில் நாடாவை ஓட்டுவது போல.

ஆனால் எந்த மென்பொருள்? அங்கேதான் பஞ்சாயத்து தொடங்கியது.

அது பி.எஸ்.என்.எல். அகலப்பட்டையின் ஆரம்ப காலம். 500 ரூபாய்த் திட்டத்தில் இரவு 2 மணி முதல் காலை 8 மணி வரை எவ்வளவு இறக்கினாலும் கணக்கில்லை. 256 கே.பி.பி.எஸ். இணைப்பு அந்த 6 மணி நேரம் முழு மூச்சாக ஓடினாலும் 690 எம்.பி. சொச்சம்தான் தேறும். 700 எம்.பி. கோப்பு ஓர் இரவுக்குள் அடங்காது! அந்தக் கடைசி 10 எம்.பி.க்காக மறுநாள் இரவு 2 மணி வரை காத்திருந்த தலைமுறை ஒன்று உண்டு. அதனால்தான் எது வேகமான மென்பொருள் என்று அவ்வளவு சண்டை. உண்மையில் வேகம் இணைப்பின் கையிலும், கோப்பை வைத்திருக்கும் ஆட்களின் எண்ணிக்கையிலும்தான் பெரும்பாலும் இருந்தது. மென்பொருளுக்கு மென்பொருள் கண்கூடாக வேறுபட்டது வேறொன்று: அது தின்ற நினைவகம்.

ஜாவாவில் எழுதப்பட்ட அசூரியஸில் இல்லாத வசதி இல்லை. 256 எம்.பி. ராம் உள்ள கணினியில் அதைத் திறந்தால் வேறு எதையும் திறக்க முடியாது என்பதுதான் சிக்கல். 2005-இல் லுட்விக் ஸ்ட்ரிகியூஸ் என்ற சுவீடன் நிரலர் பதில் சொன்னார். அவருடைய மென்பொருளின் தொடக்ககாலப் பதிப்பு 100 கே.பி.யைக்கூடத் தொடவில்லை. ஒரு புகைப்படத்தைவிடச் சிறியது! இரவு நேர அட்டவணைகூட அதற்குள் இருந்தது. 2 மணிக்கு அதுவே விழிக்கும், 8 மணிக்கு அதுவே தூங்கும். பெயரின் முதலெழுத்து ‘மைக்ரோ’வைக் குறிக்கும் கிரேக்க ‘மியூ’. நம் ஊரில் எல்லோரும் அதை ‘யூ’ என்றே படித்து, யூடோரன்ட் என்றே அழைத்தோம். அந்தப் பெயரே நிற்கட்டும்.

2006 டிசம்பரில் பிட்டோரன்ட் நிறுவனம் யூடோரன்ட்டை விலைக்கு வாங்கியது. விளம்பரம் வந்தது, கருவிப்பட்டை வந்தது. பழைய 2.2.1 பதிப்பைப் பலர் பாட்டி நகை போலப் பத்திரப்படுத்தினார்கள். 2015 மார்ச்சில் ஒரு குண்டு விழுந்தது. யூடோரன்ட்டோடு எபிக் ஸ்கேல் என்ற நிரல் கணினிக்குள் வந்து உட்கார்ந்திருந்தது. அதன் வேலை, நம் மின்சாரத்தில், நம் கணினியில், லைட்காயின் என்ற மறைநாணயத்தைச் சுரண்டுவது. கேட்காமல் நுழைந்தது என்றார்கள் பயனர்கள்; அனுமதி பெற்றுத்தான் நிறுவினோம் என்றது நிறுவனம். அந்த மாதமே அதை நீக்கியும் விட்டது.

நீக்கினால் போதுமா? 2,800 துண்டுகளையும் ஒன்றுவிடாமல் நிறுத்துப் பார்க்கிற மென்பொருள் அது. அந்தத் தராசையே நிறுத்துப் பார்க்க யாரிடமும் படிக்கல் இல்லை.

கோபித்துக்கொண்ட கூட்டம் கட்டற்ற மென்பொருள்களின் பக்கம் சாய்ந்தது. சிலர் கியூபிட்டோரன்ட்டுக்குப் போனார்கள். நினைவகத்தில் சிக்கனம் பார்த்தவர்கள், முக்கியமாக ஆப்பிள் மேக் வைத்திருந்தவர்கள், டிரான்ஸ்மிஷனைத் தேர்ந்தார்கள். 2008 முதல் உபுண்டு இயங்குதளத்தோடு சேர்ந்தே வந்த மென்பொருள் அது. விளம்பரம் இல்லை, முதலாளி இல்லை, நிரலை எவரும் திறந்து படிக்கலாம். இதைவிட நேர்மையான தராசு கிடைக்குமா?

2016 மார்ச் 4, வெள்ளிக்கிழமை. டிரான்ஸ்மிஷனின் சொந்தத் தளத்தில் 2.90 பதிப்பு பதிவிறக்கத்துக்கு இருந்தது. போலித் தளம் அல்ல, அதே பழைய வாசல். ஆப்பிள் கணினியின் காவல் நிரல் கோப்பைப் பரிசோதித்து, செல்லுபடியாகும் மேம்பாட்டாளர் சான்றிதழ் இருக்கிறது என்று உள்ளே விட்டது. சான்றிதழ் அசல்தான். ஆனால் டிரான்ஸ்மிஷன் வழக்கமாகப் பயன்படுத்திய சான்றிதழ் அல்ல.

பொட்டலத்துக்குள் ‘ஜெனரல்.ஆர்டிஎஃப்’ என்று ஒரு கோப்பு இருந்தது. பெயரைப் பார்த்தால் ஏதோ கடிதம் போலத் தோன்றும். அது கடிதம் அல்ல, நிரல். மென்பொருளைத் திறந்ததும் சத்தமில்லாமல் கணினிக்குள் குடியேறியது. எதையும் தொடவில்லை. 3 நாள் காத்திரு என்பதுதான் அதற்கு இடப்பட்டிருந்த கட்டளை.

அதே வெள்ளிக்கிழமை, பாலோ ஆல்டோ நெட்வொர்க்ஸ் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர்கள் கண்ணில் அது பட்டுவிட்டது. அவர்கள் நிரலைப் பிரித்துப் படித்தார்கள். அந்த 3 நாளுக்குப் பிறகு என்ன நடக்கும் என்ற வரிகளுக்கு வந்தார்கள். நாட்காட்டியைப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமைக்கு இன்னும் 3 நாள்.

(அடுத்த வாரம்: ஒரு பிட்காயின் விலை)