வாடையும் கம்பளியும்

சென்னையில் இதுவரை பதிவான மிகக் குறைந்த வெப்பநிலை 13.9 டிகிரி. நுங்கம்பாக்கத்தில் 1895 டிசம்பர் 11இலும், 1905 ஜனவரி 29இலும். இரண்டாவது குளிர் நம்மோடு நின்றதல்ல. அதே பருவத்தில் ஐக்கிய மாகாணங்களில் உறைபனி பயிரைக் கருக்கிற்று. மத்தியதரைக் கடல் பக்கமிருந்து ஈரான் வழியே வரும் குளிர்காலப் புயல்கள் இமயத்தில் பனியைக் கொட்டிவிட்டுப் போகும். பின்னால் வறண்ட வடகாற்று சமவெளியில் இறங்கும். அதன் வால்நுனிதான் எப்போதாவது நம்மைத் தொடுகிறது. நான் குடியிருக்கும் கோவில்பதாகையில் தை மாதத்து ஏரிப்பனிக்கே காதில் பஞ்சு வைத்துக்கொள்கிறோம்.

சமவெளியில் குறைந்தபட்ச வெப்பநிலை 10 டிகிரிக்கு இறங்கி, அது இயல்பைவிட 4.5 டிகிரி குறைவாகவும் இருந்தால் குளிரலை என்கிறது வானிலைத் துறை. அளவு துல்லியமானது. ஆனால் நடுங்கியவன் யார் என்று எந்த வெப்பமானியும் சொல்வதில்லை. சரித்திரத்துக்கு வேண்டியது அதுதான்.

இதை அறிந்தவராக எனக்குத் தெரிகிறவர் நக்கீரர். நெடுநல்வாடையின் 188 அடிகளும் அகமா புறமா என்ற விவகாரம் ஒரு வேப்பிலையைப் பற்றிக்கொண்டு நூற்றாண்டுகளாக நடக்கிறது. அதைப் பண்டிதர்களுக்கு விட்டுவிடலாம். நான் பார்ப்பது குளிர் அங்கே பங்கிடப்பட்டிருக்கும் விதத்தை. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டுக்குப் போன கோவலர் நனைந்தபடி கொள்ளி நெருப்பில் கை காய்கிறார்கள், கன்னம் நடுங்குகிறது. பசு கன்றை உதைக்கிறது. மாளிகைகளிலோ சாளரம் அடைத்து, தடாவில் நெருப்பிட்டிருக்கிறார்கள். பாசறையில் விளக்குச் சுடர்கள் வாடைக்குத் தெற்கே சாய்கின்றன. நள்ளிரவில் அரசன் தூங்காமல் புண்பட்ட வீரர்களைப் பார்க்கப் போகிறான். காற்று ஒன்று, அதைத் தாங்கும் வசதி ஆளுக்கு ஆள் வேறு.

நம் காலத்துப் பாசறை ஒன்று: 1962 அக்டோபர், நாம்கா சூ. பத்தாயிரம் அடிக்கு மேற்பட்ட உயரம். ஏழாவது காலாட்படை பிரிகேடின் ஜவான்களில் பலர் பருத்திச் சீருடையில் இருந்தார்கள். பிரிகேடியர் ஜான் தல்வி 1969இல் வெளிவந்த தம் நூலில் இதை எழுதிவிட்டார். அக்டோபர் 20இல் சீனர்கள் தாக்கினார்கள். அந்த உயரத்தில் இரவு குளிரும் என்பது தில்லிக்குத் தெரியாத செய்தியல்ல. தெரிந்தும் கம்பளி போய்ச் சேரவில்லை. ஆகவே அங்கே வாட்டிய குளிரில் ஒரு பங்கை இயற்கையின் கணக்கில் எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏறக்குறைய அந்த ஆண்டுகளில்தான் எங்கள் ஊருக்குப் பக்கத்தில் ஆவடியில் ராணுவத்துக்கு உடை தைக்கும் தொழிற்சாலையும் வந்தது. பனியையே கண்டிராதவர்கள் எல்லைக்காரனுக்குத் துணி தைத்தார்கள். இந்தத் தேசத்தின் குளிர்ச் சரித்திரத்தில் அவர்களுக்கும் இடம் உண்டு.

1905ஐ எழுத முற்படுகிறவர் நுங்கம்பாக்கத்துப் பதிவோடு எழுந்துவிடக் கூடாது. அந்த ஜனவரியில் ஒரு கம்பளி என்ன விலை, ஒரு நாள் கூலி என்ன என்று தேட வேண்டும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால்தான் 13.9 என்பதற்குப் பொருள் கிடைக்கும்.