கொமேனியசின் படநூலும் பல்லூடகக் கற்பித்தலும்

பல்லூடகப் பாடசாதனம் என்றதும் கணினித் திரையையே எண்ணும் வழக்கம் எம்மிடையே வேரூன்றியுள்ளது. ஆயின் படத்தையும் சொல்லையும் எவ்வாறு இணைத்தால் பிள்ளையின் உள்ளத்திற் பதியும் என்னும் வினா கணினிக்கு மிக முந்தியது. 1658ஆம் ஆண்டு நூரம்பேர்க் நகரில் வெளிவந்த ‘ஓர்பிஸ் பிக்டுஸ்’ என்னும் நூலை இவ்விடத்து நாம் எடுத்துநோக்குதல் தகும்.

இதனை ஆக்கிய யோன் அமோஸ் கொமேனியஸ் (1592–1670) மொறேவியாவிற் பிறந்து, மதப் பூசலினால் நாடிழந்தவர். 1656இல் போலந்தின் லெஸ்னோ நகர் எரியுண்டபோது அவருடைய கையெழுத்துப் படிகள் பல அழிந்தன. ஆண், பெண், செல்வர், வறியர் என்ற வேறுபாடின்றி யாவரும் கற்றல் வேண்டும் என வாதிட்ட அவருக்கு, பொருளறியாது இலத்தீன் சொற்களை மனனஞ்செய்விக்கும் அக்காலப் பள்ளி கொடுமையாகவே தோன்றிற்று.

நூலின் அமைப்பே அவர் அளித்த விடை. 150 அத்தியாயங்கள், மேலே மரச்செதுக்குப் படம், கீழே இலத்தீனிலும் யேர்மன் மொழியிலும் எளிய வாக்கியங்கள். படத்திலுள்ள பொருளுக்கு ஓர் எண். அப்பொருளைக் குறிக்கும் சொல்லருகே அதே எண். பிள்ளையின் கண் அவ்வெண்ணைப் பற்றிக்கொண்டு சொல்லுக்கும் பொருளுக்குமிடையே சென்று மீளும். அரிச்சுவடிப் பகுதியிலோ காகம் கரையும் ஒலி, ஆடு கத்தும் ஒலி என்பனவற்றைக்கொண்டு எழுத்துகள் அறிமுகமாகின்றன. ஊமையான அச்சுத்தாளில் ஒலியைக் கொணர முயன்ற துணிவை நாம் வியவாதிருத்தல் இயலாது.

பின்வந்தோர் பொறியையே முதன்மைப்படுத்தினர். பாடசாலைகளில் நூல்கள் விரைவில் வழக்கொழியும், சலனப்படமே அவ்விடத்தைப் பெறும் என 1913இல் எடிசன் கூறினார். நூல்கள் ஒழியவில்லை. ஊடகம் சுமைவண்டி போன்றதே, கற்றலை விளைவிப்பது கற்பித்தல் முறையே என 1983இல் றிச்சட் கிளாக் வாதிட்டார். கொஸ்மா முதலியோர் அதனை மறுத்தனர்.

வினாவை மீண்டும் கற்போன்பால் திருப்பியோருள் உளவியலாளர் றிச்சட் மேயர் முக்கியமானவர். செயல்நினைவின் கொள்ளளவு சிறிது. காட்சிக்கும் ஒலிக்கும் வெவ்வேறு வாயில்கள். ஆகவே படமும் அதற்குரிய சொல்லும் அருகருகே அமைதல் வேண்டும்; அசையும் படத்துக்கு எழுத்தைவிடச் செவிவழி விளக்கமே பெரிதும் ஏற்றது; பொருந்தா அலங்காரம் கற்றலைக் கெடுக்கும். மின்னல் தோன்றும் விதம், துவிச்சக்கரவண்டிப் பம்பின் இயக்கம் ஆகியன பற்றிய சிறு பாடங்களைக்கொண்டு அவர் நடத்திய பரிசோதனைகள் இம்முடிபுகளுக்கு ஆதாரமாயின. இவ்வளவுகோலால் நோக்கின், கொமேனியசின் எண்முறை கண்ணை வீணே அலையவிடுகின்றது எனலாம்.

எனினும் மேயரின் பரிசோதனைகளிற் பெரும்பாலானவை பல்கலைக்கழக மாணாக்கரிடத்துச் சில நிமிடப் பாடங்களைக்கொண்டு நிகழ்ந்தவை. கற்போனின் தாய்மொழி எது என்ற வினா அங்கு மையமாக எழவில்லை. கொமேனியசுக்கோ அதுவே தொடக்கம். 1685இல் லெவோச்சா நகரில் வெளியான பதிப்பில் இலத்தீன், யேர்மன், ஹங்கேரிய மொழிகளோடு அவருடைய தாய்மொழியான செக்கும் இடம்பெற்றது. அப்போது அவர் இறந்து 15 ஆண்டுகள் கடந்திருந்தன.