எட்டில் ஒரு பங்கு எஞ்சின்

திருநெல்வேலியிலிருந்து கல்லிடைக்குறிச்சிக்கு 1902-ல் மீட்டர் கேஜ் பாதை திறந்தது. மறு ஆண்டே செங்கோட்டையைத் தொட்டு, 1904-ல் மலையைக் குடைந்து கொல்லத்தோடு இணைந்தது. சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம் வயல்வெளிகளுக்குப் புகைவண்டி வந்தது இப்படித்தான்.

அதே காலத்தில் லண்டனில் நீராவி எஞ்சினைச் சிறிய அளவில் வீட்டுப் பட்டறையிலேயே செய்து பார்க்கும் ஆர்வம் வேர்விட்டிருந்தது. 1898-ல் தொடங்கிய 'மாடல் எஞ்சினியர்' இதழ் அதற்குத் துணை நின்றது. இவை பொம்மைகள் அல்ல. உள்ளே நிஜமாகவே நிலக்கரி எரியும், கொதிகலனில் தண்ணீர் கொதிக்கும், நீராவி பிஸ்டனைத் தள்ளும். 1920-களில் 'எல்.பி.எஸ்.சி.' என்ற புனைபெயர்க்காரர், இத்தனை சிறிய எஞ்சினும் ஆளை ஏற்றி இழுக்கும் என்று நிரூபித்தார்.

நம் பழைய மீட்டர் கேஜை, அதாவது ஒரு மீட்டர் அகலத் தடத்தை, 5 அங்குலத் தடத்துக்குச் சுருக்கினால் எஞ்சின் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்காகும். சிக்கல் அங்கேதான். கொதிகலனின் மேற்பரப்பு 64-ல் ஒரு பங்காகக் குறையும்போது, அது கொள்ளும் தண்ணீர் 512-ல் ஒரு பங்காகிவிடும். சூடு சீக்கிரம் வெளியேறும், தண்ணீர்மட்டம் நொடியில் இறங்கும். ஓட்டுபவர் அந்த மட்டத்தைக் காட்டும் கண்ணாடிக் குழாயிலிருந்து பார்வையை எடுக்கவே முடியாது.

இந்தக் கைத்திறன் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. ஊட்டி மலைரயிலுக்காகத் திருச்சி பொன்மலைப் பணிமனை 2011-ல் முழு அளவு நீராவி எஞ்சினையே புதிதாகக் கட்டியது. ஆகவே நெல்லையின் பொறியியல் மாணவர்கள் பழைய மீட்டர் கேஜ் எஞ்சின் ஒன்றை எட்டில் ஒரு பங்கில் கட்டி ஓடவிட வேண்டும். கல்லூரிகள் அதற்குப் பட்டறையைத் திறந்துவிட வேண்டும்.